மேட்டூர் மூடியதும் நிலவறைக்குள் பிளாஷோடு

காவிரி டெல்டாவில் பூமிக்கு அடியில் போய்ப் படம் எடுக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களே சிரிக்கிறார்கள். கும்பகோணத்துக்குக் கிழக்கே மழைக்காலத்தில் வாழைக்குக் குழி வெட்டினாலே ஊற்று எட்டிப் பார்க்கும். இங்கே குகை கிடையாது, பாறையைக் குடைந்த அறை கிடையாது. ஆனால் மனுஷர்கள் கட்டி, புழங்கி, பிறகு கைவிட்டவை நிறைய உண்டு. பழைய மிராசுதார் வீடுகளில் பாதி தரைக்கு மேலேயும் பாதி கீழேயுமாக இருக்கும் நிலவறை. மூடிப்போன நெல் மில்லில் பாய்லரிலிருந்து புகைபோக்கி அடிவரைக்கும் மண்ணுக்குள் ஓடும் செங்கல் புகைப்பாதை. கோயில் குளத்துக்கு ஆற்றுத் தண்ணீர் வந்த மூடுகால்வாய். இவைதான் என் களம்.

சுரங்கம் தேடி என்னிடம் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் அங்கிருந்து பெரிய கோயிலுக்கோ அரண்மனைக்கோ ஒரு சுரங்கம் போவதாகச் சொல்வார்கள். அதில் ராஜா குதிரையில் போனார் என்பார்கள். ஊற்று இவ்வளவு மேலே இருக்கிற வண்டல் மண்ணில் குதிரை போகிற சுரங்கத்தை எப்படி மைல் கணக்கில் காயவைத்திருக்க முடியும்? தஞ்சாவூரில் சேவப்பநாயக்கன் ஏரியிலிருந்து சிவகங்கைக் குளத்துக்கும், அங்கிருந்து அரண்மனைப் பக்கத்துக்கும் தண்ணீர் கொண்டுபோன ஜலசூத்திரம் என்ற நிலத்தடி வழி உண்மையிலேயே இருந்தது. பல சுரங்கக் கதைகளுக்கு இப்படி ஒரு நீர்வழிதான் வேர் என்பது என் ஊகம்.

நான் பிழைப்புக்குக் கல்யாணப் படம் எடுப்பவன். அதனால் பிளாஷ் ஏற்கெனவே பையில் இருக்கிறது. சிக்கல் காலத்தில்தான். வழக்கப்படி மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். திறந்துவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், வயல் நிரம்பும், நிலவறைத் தரையில் கசிவு எடுக்கும். ஐப்பசி கார்த்திகையில் சில இடங்களில் முழங்கால் அளவு நிற்கும். மாசி பிறந்து தண்ணீர் இறங்கினால்தான் உள்ளே போக முடியும், அதுவும் வைகாசி முடிய. கல்யாண சீசனும் அப்போதுதான். ஆடியில் முகூர்த்தம் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பேன், நிலவறைக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்திருக்கும். ஆகவே மாசி முதல் வைகாசி வரை முகூர்த்தமில்லாத நாட்கள்தான் எனக்குக் கிடைப்பது. நீங்கள் வெளியூரிலிருந்து வருகிறீர்கள் என்றால் பங்குனியில் வாருங்கள். சித்திரை வெயிலில் மேலே நிற்க முடியாது, உள்ளே புழுக்கம் அதைவிட மோசம்.

அடுத்தது அனுமதி. ஆளில்லாத வீடு என்றால் சொந்தக்காரர் இல்லாத வீடு என்று அர்த்தமில்லை. எங்கள் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற ஒவ்வொரு பெரிய வீட்டுக்கும் சென்னையிலும் பெங்களூரிலும் பங்காளிகள் இருக்கிறார்கள், கோர்ட்டில் ஒரு பாகப் பிரிவினை வழக்கும் இருக்கும். ஒருத்தரிடம் கேட்டால் போதாது. சாவி வைத்திருக்கிறவரைக் கேளுங்கள், அவர் யாரிடம் கேட்கச் சொல்கிறாரோ அவரையும் கேளுங்கள், பிறகு கிராம நிர்வாக அலுவலர் காதிலும் போட்டுவையுங்கள். இரவில் ஒரு பாழ் வீட்டுக்குள்ளிருந்து பளிச் பளிச்சென்று வெளிச்சம் வந்தால் தெருவில் முதலில் எழும் சந்தேகம், புதையல் தோண்டுகிறார்கள் என்பதுதான். அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. நான் பார்த்த நிலவறைகளில் பாதிக்கு மேல் தரையைக் கிளறிப் போட்டிருந்தார்கள். அதனாலேயே வெளியிடுகிற படத்திலிருந்து ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுவேன், ஊர் பெயரும் சொல்வதில்லை. இதிலும் சொல்லப்போவதில்லை.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றால் வேறு கதை. தரங்கம்பாடி டான்ஸ்போர்க் கோட்டையின் கீழ்த்தளத்து வளைவுக்கூரை அறைகள் 1620-ல் டேனியர்கள் கட்டத் தொடங்கியவை. பாழடைந்தவை அல்ல, மேலே அருங்காட்சியகம் இருக்கிறது. டிரைபாடும் பிளாஷும் எடுத்துப் போவதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். எதுவும் எடுத்துப் போகாமல் சும்மா நின்று பார்க்கிறதுக்கே அது நல்ல பள்ளிக்கூடம். ஒரு சின்ன ஜன்னல் வெளிச்சம் வளைவின் மேல் எப்படித் தவழ்ந்து போய் எங்கே சாகிறது என்பதை அங்கே போய்ப் பாருங்கள், பாதிப் பாடம் முடிந்துவிடும்.

சரி, உள்ளே இறங்குவோம். முதலில் காற்று. நான் அதிகம் படம் எடுத்த நிலவறை ஒரு பெரிய வீட்டின் மூன்றாங்கட்டுக்கு அடியில் இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்குக் காரியக்காரராக இருந்த பெரியவர்தான் சாவி வைத்திருந்தார். கதவைத் திறந்ததும் நான் பையோடு படியில் கால் வைக்கப் போனேன். அவர் கையை நீட்டி மறித்தார்.

“மூடிக் கெடந்த எடம் தம்பி. இன்னிக்குத் தொறந்து போட்டுட்டு நாளைக்கு வாங்க.”

“அய்யா, மீட்டர் கொண்டுவந்திருக்கேன், காத்து எப்படின்னு காட்டிடும்.”

“மீட்டர் காட்டட்டும். அதுவும் நாளைக்கே காட்டட்டும்.”

மறுநாள்தான் போனோம். அவர் வழி, அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவது. பிராணவாயு பதினாறு சதவீதத்துக்குப் பக்கமாகக் குறைந்தால் சுடர் அணைந்துவிடும், ஆகவே அந்த விளக்கு பொய் சொல்லாது. ஆனால் அது சொல்கிற நேரம் தாமதம். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே ஆபத்து என்று என் மீட்டர் கத்த ஆரம்பிக்கும். இன்னொன்று, சேறு அழுகிய இடத்தில் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடை விளக்கு காட்டிக்கொடுக்காது. அழுகிய முட்டை நாற்றம் வருமே என்று மூக்கை நம்பவும் முடியாது, அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போய்விடும். பாழுங்கிணற்றில் ஒருவர் இறங்கி மயங்க, தூக்கப் போனவரும் விழுந்தார் என்ற செய்தியைப் படிக்காத வருஷம் உண்டா? நாலு வாயு காட்டும் மீட்டர் ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். மேலே ஒருவர் நிற்கட்டும், என்ன ஆனாலும் அவர் உள்ளே இறங்கக் கூடாது.

அப்புறம் பாம்பு. படியின் கடைசி இரண்டு மூன்று படிகளும் கதவிடுக்கும்தான் அதற்குப் பிடித்த இடம். நீண்ட கம்பால் தட்டிக்கொண்டே இறங்குங்கள், கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் போடுங்கள், பையைத் திறந்த வாயோடு தரையில் வைக்காதீர்கள். வௌவால் இருந்தால் என் கணக்கில் அன்றைக்குப் படம் கிடையாது. பிளாஷ் அடித்தால் மொத்தமும் கிளம்பி முகத்தில் மோதும். குட்டியோடு இருக்கிற காலத்தில் கலைத்தால் குட்டிகள் கீழே விழும். அதன் எச்சத் தூளில் நுரையீரலைப் பிடிக்கிற பூஞ்சை இருக்கலாம். என்95 முகக்கவசம் எல்லா இடத்துக்கும் போடுவேன்.

இனி வெளிச்சம். என்னிடம் கோடாக்ஸ் டிடி600 பிளாஷ் இரண்டு, கேமராவிலிருந்து ஒயரில்லாமல் அவற்றை அடிக்கவைக்கும் ஒரு ரேடியோ டிரிக்கர், மறுபடி சார்ஜ் செய்கிற ஏஏ பேட்டரிகள். குடையும் சாஃப்ட்பாக்ஸும் மேலேயே இருக்கட்டும், தலை இடிக்கிற கூரைக்கு அவை ஆகாது. கல்யாண மண்டபத்தில் என் வேலை, முகத்தில் நிழல் விழாமல் நாலு பக்கமும் வெளிச்சத்தை நிரப்புவது. நிலவறையில் அதையே செய்தால் படம் பத்திரப்பதிவுக்கு எடுத்த மாதிரி இருக்கும். எல்லாச் செங்கலும் தெரியும், அறை தெரியாது. இந்த இடத்தில் ஆட்கள் புழங்கியபோது வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று தேடி, பிளாஷை அங்கே கொண்டுபோய் வைப்பதுதான் என் வழி. மற்ற சரிக்கட்டல் எல்லாம் அதற்குப் பிறகு.

அந்த நிலவறையில் வெளிச்சம் வர இரண்டே வழி. ஒன்று படிக்கட்டு. இன்னொன்று சுவரில் இருந்த விளக்கு மாடம், ஒரு சாண் அகலம், மேலே கமான் வளைவு. மாடத்துக்கு மேல் சுண்ணாம்புச் சுவரில் கரி படிந்திருந்தது, நேராக மேலே போகாமல் படிக்கட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. காற்று படி வழியாக இறங்கிச் சுடரை ஒரே பக்கம் தள்ளியிருக்கிறது, அதுவும் வருஷக்கணக்கில். முதல் பிளாஷை மாடத்துக்குள் படுக்கவைத்து, அரை ஆரஞ்சு ஜெல் (பிளாஷ் முகத்தில் ஒட்டும் நிறத்தாள்) போட்டு, பதினாறில் ஒரு பங்கு பவரில் வைத்தேன். முழு ஆரஞ்சு போட்டால் வெளிச்சத்தின் நிறம் ஏறக்குறைய 3200 கெல்வினுக்கு, அதாவது மஞ்சள் பல்பு நிறத்துக்கு வரும், செங்கல் அறையில் அது எல்லாவற்றையும் குங்குமமாக்கிவிடும். சிவப்புச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே சிவப்பாகத்தான் வரும், நாம் வேறு சேர்க்க வேண்டுமா? இரண்டாவது பிளாஷை வெறுமையாக, படிக்கட்டின் மேல்படியிலிருந்து கீழ் நோக்கி. பகல் வெளிச்சமும் பிளாஷும் 5500 கெல்வினுக்குப் பக்கத்தில்தான், ஆகவே அது கதவு வழியாக வரும் வெயில் போலவே விழுந்தது.

இருட்டில் ஆட்டோஃபோகஸ் அல்லாடும். தலை டார்ச்சை நடுத்தூணில் அடித்து ஃபோகஸ் பிடித்துவிட்டு, மேனுவலுக்கு மாற்றி, வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். பவர் கணக்கு வாய்ப்பாடுதான். பிளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு நம்பரை லென்ஸ் துளையின் எண்ணால் (எஃப் நம்பர்) வகுத்தால் வெளிச்சம் எட்டும் தூரம், மீட்டரில். கேமராவின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 100-ல் வைத்து, கைடு நம்பர் 32 என்றால் எஃப் 8-ல் 4 மீட்டர். ஐஎஸ்ஓ 400 வைத்தால் அதுவே 8 மீட்டர். பிளாஷ் தலையை அகலக் கோணத்துக்கு விரித்தால் நம்பர் குறையும், பெட்டி மேல் போட்டிருக்கும் பெரிய நம்பர் தலையை முழுக்கக் குறுக்கியபோது வருவது. அதை நம்பிக் கணக்குப் போட்டால் இருட்டடிக்கும்.

இரண்டு பிளாஷ் போதாத நீளமான அறையில் ஒரே பிளாஷைப் பல இடங்களில் அடிக்கலாம். டிரைபாடில் கேமரா, ஷட்டர் பல்ப் முறையில் திறந்தபடி. உள்ளே முழு இருட்டு என்பதால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஒன்றும் பதியாது, பிளாஷ் அடித்த கணம் மட்டும்தான் பதியும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு தூணுக்குத் தூண் போய், தூணின் மறைவில் நின்று, பிளாஷ் கேமராவைப் பார்க்காதபடி அப்பால் திருப்பி அடிக்க வேண்டும். உதவிக்கு வரும் பையன் லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையைப் பிடித்திருப்பான். நான் இடம் மாறி நின்றதும் “எடு” என்பேன், “எடுத்துட்டேண்ணே” என்று குரல் வந்த பிறகு அடிப்பேன். தூரச் சுவருக்கு வெளிச்சம் பற்றாவிட்டால் அதே இடத்திலிருந்து இரண்டு தடவை அடித்தால் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரு மடங்கு) கூடும், நாலு தடவைக்கு இரண்டு, எட்டு தடவைக்கு மூன்று. அதற்கு மேல் நிற்காதீர்கள், பிளாஷ் சூடேறி மக்கர் செய்யும். முழுப் பவரைவிடப் பாதிப் பவரில் கூடுதல் தடவை அடிப்பதே பேட்டரிக்கும் நல்லது.

பாரிஸில் நாடார் (Nadar) என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் 1860-களின் தொடக்கத்தில் நிலத்தடி எலும்புக்கிடங்குகளையும் சாக்கடைகளையும் மின்விளக்கு வைத்துப் படம் எடுத்தபோது, புன்சன் என்ற அந்தக் காலத்து பேட்டரிகள் மேலே தெருவில் இருந்தன, கம்பிதான் கீழே இறங்கியது. ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிஷம் வரை ஆனது. அவ்வளவு நேரம் எந்த ஆளாலும் அசையாமல் நிற்க முடியாது என்பதால் வேலைக்காரர் உடுப்பு போட்ட பொம்மைகளை நிறுத்தினார். நமக்குப் பொம்மை வேண்டாம், ஆள் ஒரு பிளாஷில் மட்டும் பட்டால் கல்லாக உறைந்துவிடுவார். ஆனால் அவர் மேல் இரண்டாவது பிளாஷ் பட்டால் இரட்டை உருவம் வரும். ஆகவே ஆள் நிற்கிற பக்கத்து அடியை முதலில் முடித்து, அவரை வெளியே அனுப்பிவிட்டு மற்றதை அடியுங்கள்.

அந்த நிலவறையில் எனக்குப் பிடித்த படத்தில் அறையே இல்லை, ஒரு சுவர்தான். பிளாஷைச் சுவரோடு ஒட்டினாற்போலப் பிடித்து, சுவர் நெடுக வெளிச்சம் உரசிப் போகிற மாதிரி அடித்தேன். நேர் வெளிச்சத்தில் வெறும் காரையாகத் தெரிந்த இடத்தில் நகத்தாலோ ஆணியாலோ கீறிய செங்குத்துக் கோடுகள் கூட்டங்கூட்டமாக எழுந்தன. உப்புப் பூத்த இடத்தில் பாதி உதிர்ந்திருந்தன. கேமரா திரையில் பெரியவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். “நெல்லு அளந்த கணக்கு. பன்னண்டு மரக்கால் ஒரு கலம், கலத்துக்கு ஒரு கோடு. அளக்கிறவன் லாபம், ரெண்டு, மூணுன்னு பாடிக்கிட்டே போவான், இங்க ஒருத்தன் கீறிக்கிட்டே வருவான்” என்றார். கோடு தெரியட்டும் என்று சாக்பீஸ் தடவுவது, தண்ணீர் தெளிப்பது எதுவும் வேண்டாம். பிளாஷ் கோணத்தை மாற்றினாலே போதும். பழைய காரை ஒரு துடைப்புக்குத் தாங்காது.

நெல் மில் புகைப்பாதை இதற்கு நேர்மாறு. குனிந்தும் சில இடத்தில் தவழ்ந்தும்தான் போக முடியும். காற்றுக் கவலை குறைவு, ஏனென்றால் புகைபோக்கி இன்றைக்கும் இழுக்கிறது. பாதையின் நுழைவிடத்தில் ஊதுவத்தி பற்றவைத்துப் பிடித்தால் புகை உள்பக்கமாகச் சாய்வது தெரியும். சாயவில்லை என்றால் நடுவில் எங்கோ இடிந்து அடைத்திருக்கிறது, போகாதீர்கள். உள்ளே உமிச் சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிகா, நுரையீரலுக்கும் ஆகாது லென்ஸுக்கும் ஆகாது. லென்ஸில் விழுந்தால் பம்பால் ஊதுங்கள், துணியால் தேய்த்தால் கீறிவிடும்.

இங்கேதான் கேமரா மேல் பிளாஷ் வைப்பவர்கள் அழுவார்கள். மிதக்கிற சாம்பல் ஒவ்வொன்றும் லென்ஸுக்கு முன்னால் வெள்ளை வட்டமாக விழும். பிளாஷ் கேமராவை விட்டு விலகி, வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தால் அதே தூசி வெளிச்சக் கற்றையாக மாறும். ஆனால் பாதை திரும்புகிற இடத்தில் ரேடியோ டிரிக்கர் வேலை செய்யவில்லை, ஈர மண்ணும் கனத்த செங்கலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கிவிடுகின்றன. திருப்பத்தில் ஒரு பிளாஷை ரேடியோவில் வைத்து, அதன் வெளிச்சத்தைக் கண்டு அடிக்கிற ஸ்லேவ் முறையில் அடுத்ததை வைத்தேன். செங்கல் சுவரில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சமே அதற்குப் போதுமாக இருந்தது.

தண்ணீர் தேங்கிய இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கணுக்கால் அளவு தெளிந்த தண்ணீர் நின்றால் அது வரம், கூரையை நோக்கி அடித்தால் வளைவு கீழேயும் முழு வட்டமாகத் தெரியும். ஆனால் மேலிருந்து ஒயர் இழுத்து பல்பு மட்டும் இறக்கவே இறக்காதீர்கள், பேட்டரி மட்டும்தான். பிளாஷ் தண்ணீரில் விழுந்தால் வீட்டில் பிரித்துக் காயவைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், அதன் கெபாசிட்டரில் முந்நூறு வோல்ட் காத்திருக்கும். ஏசி காரிலிருந்து நேராக இறங்கினால் லென்ஸ் வேர்த்து ஒரு மணி நேரம் வீணாகும். பையை முன்பே திண்ணையில் வைத்துவிடுங்கள், ஊர்ச் சூட்டுக்கு வரட்டும்.

லென்ஸ் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். சின்ன அறை என்றதும் எல்லாரும் ஆக அகலமான லென்ஸை மாட்டுகிறார்கள், இருபதடி அறை கல்யாண மண்டபமாகிவிடுகிறது. மில்லிமீட்டர் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகும், 28 மில்லிமீட்டருக்குக் கீழே எனக்குப் போக மனசு வராது. நிலவறையின் நீளத்தைக் காட்ட ஒரே ஒரு படம் மட்டும் 16-ல் எடுத்தேன், அதுதான் வினையாயிற்று. படங்களைக் குடும்பத்துக்கு அனுப்பியதும் பங்காளி ஒருவர் போன் செய்து, இவ்வளவு பெரிய அறையை வழக்கில் சின்னதாகக் காட்டியிருக்கிறார்கள், அந்தப் படத்தை வக்கீலிடம் கொடுக்கலாமா என்று கேட்டார். லென்ஸ் அப்படி இழுத்துக் காட்டுகிறது சார், டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள் என்றேன். அளக்க ஆள் அனுப்பியிருக்கிறார். போன வாரம் பெரியவர் சொன்னார், இந்தத் தடவையும் கதவை ஒரு நாள் திறந்து போட்ட பிறகுதான் உள்ளே விட்டாராம்.